பொட்டு பட்ட பாடு

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? ஒரு ஸ்கூட்டராவது இருக்குமல்லவா? அப்படியானால் அதன் மேல் ஒரு சின்னக் கீறலும் இருந்தே தீரும். அந்தக் கீறலைக் கண்டுபிடித்த அன்று யார் யாருக்கு அர்ச்சனை செய்தார்கள் என்பதும் உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் வீட்டில் அர்ச்சனை செய்தவள் நான். வாங்கிக் கட்டிக்கொண்டவள் என் அம்மா.

கருநீல நிறத்தில் புதுக் கார் வாங்கிய கையோடு அதைச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓட்டி வந்தேன். வாசலில் நிறுத்தியதும் அம்மா ஆரத்தி எடுத்தாள். சந்தனத்தைக் குழைத்து பானெட்டின் நடுவில் அப்பினாள். அதன் மேல் குங்குமமும் வைத்தாள். நாலு நாள் வெயிலில் அது காய்ந்து ஓடாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன், அசையவில்லை. உடனே சமையலறைக்கு ஓடி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்து பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். பொட்டு போயிற்று. ஆனால் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது!

"இதன் மேலே சந்தனத்தை அப்பச் சொல்லி உன்னை யாரம்மா கேட்டது? புது வண்டி பாழாய்ப் போச்சே!" என்று கத்தினேன்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை சுசீந்திரத்துக்குக் கிளம்பியபோது, "நான் பஸ்ஸிலயே போய்க்கிடுதேன் மக்ளே. ஒனக்க வண்டியில எங் கை பட்டா கறை படும்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கோபம் தணியவில்லை.

வண்டியை வடசேரிப் பக்கம் இருக்கும் ஒரு பெயிண்டர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக் கழுவினார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை அந்த மங்கலின் மேல் ஊற்றினார். என்ன ஆச்சரியம்! மங்கலைக் காணோம்! ஈரம் காய்ந்ததும் மறுபடி வந்துவிட்டது.

"பாத்தியா மக்ளே, தண்ணி பட்டா மறையுது. அப்போ மேல்தோலுலதான் சேதம். கலருக்கு ஒண்ணும் ஆவல்ல" என்றார்.

அந்த மேல்தோலைத்தான் 'கிளியர் கோட்' என்கிறார்கள். பழைய அம்பாசிடர் கார்களுக்கு நிறமே மேற்பூச்சாக இருந்தது. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். இக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவென்றே வைத்துக்கொள்ளுங்கள்! வெயிலையும் மழையையும் தாங்குவது அந்த மெல்லிய தோல்தான். அதில் நுண்ணிய கோடுகள் விழுந்தால் வெளிச்சம் சிதறி மங்கலாகத் தெரிகிறது. தண்ணீர் கோடுகளை நிரப்பியதும் மங்கல் மறைகிறது.

"எல்லாம் அந்தச் சந்தனம் செய்த வேலை, அண்ணாச்சி" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சந்தனக் கறைன்னா வட்டமால்லா இருக்கும்? இது கோடு கோடால்லா கெடக்கு! நாரு வச்சுத் தேய்ச்சது யாரு?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அண்ணாச்சி வண்டியை நிழலுக்குத் தள்ளி, சூடு ஆறவிட்டார். மெல்லிய துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, அழுத்தாமல், பொறுமையாகத் தேய்த்தார். மங்கல் கலைந்தது. ஓரத்தில் மட்டும் இரண்டு கோடுகள் மிஞ்சின. "அதையும் எடுத்துவிடுங்களேன்" என்றேன்.

"எடுக்கலாம். ஒவ்வொரு தேய்ப்புலயும் தோலு கொஞ்சம் கொறையும். ரெண்டு கோட்டுக்காகத் தோலையே தேய்ச்சுத் தீக்கணுமா? கெடக்கட்டும் மக்ளே."

அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் கவலை வேண்டாம், பாலிஷ் போதும். தடுத்தால் ஆழம் அதிகம். கைவைக்காமல் பெயிண்டரிடம் காட்டுங்கள். இரும்பே தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். எங்கள் ஜில்லாவில் உப்புக் காற்றும் உண்டு, இரண்டு பருவ மழையும் உண்டு. துரு விருந்தாளிபோல் வந்து வீட்டுக்காரனாகிவிடும். மேல்தோல் வெங்காயச் சருகுபோல் உரிந்தால் பாலிஷ் பலிக்காது. அந்தப் பாகத்தைத் தேய்த்துப் புதிதாகத்தான் பூச வேண்டும். பற்பசை வைத்தியம் வேண்டாம். அதிலும் தேய்க்கும் பொடி உண்டு. பறவை எச்சம் விழுந்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியைப் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பொட்டினால் இல்லையம்மா, நான் நாரால் தேய்த்ததுதான்" என்று ஒப்புக்கொண்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"பின்னே ஏன் சொல்லவில்லை?"

"நீ அப்ப நின்ன நெலைக்குச் சொன்னா கேப்பியா?"

அடுத்த சனிக்கிழமை சுசீந்திரத்துக்கு அம்மா என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வந்தாள். புறப்படுமுன் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"கண்ணாடியில் வையம்மா, அதற்கு ஒன்றும் ஆகாது" என்றேன்.

கண்ணாடியின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். பானெட்டில் அந்த இரண்டு கோடுகளும் இன்னும் இருக்கின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டுமே!