ஊவா மலையில் பாலமும் பாதையும் லயமும்

ஊவாவின் பதுளை மாவட்டத்தில் ஹாலிஎலப் பக்கமிருந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் சிறு வீதி, கல்லந்த ஓயாவின் கரையில் போகொட விகாரையருகே முடிகிறது. அங்கே ஓயாவைக் கடக்கும் மரப்பாலம் இலங்கையில் எஞ்சியுள்ள மிகப் பழைய மரப்பாலங்களில் ஒன்று. நீளம் சுமார் 15 மீற்றர், அகலம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மேலே ஓட்டுக்கூரை, இருபுறமும் கடைந்தெடுத்த கம்புகளால் ஆன கைப்பிடி. இரும்பு ஆணி இல்லாமலே கட்டிய பாலம் இது. மரத்தை மரத்தோடு பொருத்தி, மர முளைகளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் வளர்ந்து தண்ணீருக்குப் பழகிய மருது, வைரம் பாய்ந்த பலா, முளைக்குக் கருங்காலி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ற மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கூரை அழகுக்காக மட்டும் போட்டதல்ல. மழைநீர் பொருத்துகளுக்குள் இறங்கினால் மரம் உளுத்துவிடும். கூரைதான் பாலத்தின் ஆயுள். நடந்து களைத்தவர் ஒதுங்கி இளைப்பாறவும் அது உதவியது.

பாலம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பரவலான கணிப்பு. அதற்கும் முந்தியது என்போரும் உண்டு. விகாரைக் குகை அதைவிட மிகப் பழையது, அங்கே பிராமிக் கல்வெட்டும் இருக்கிறது. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழி இப்பாலத்தின் மேல்தான் சென்றது. சக்கரம் ஓட முடியாத இந்த மலையில் பொதி சுமந்தவை மாடுகள். உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய பொதிமாட்டுக் கூட்டங்களைத் ‘தவளம்’ என்பார்கள். பாலத்தின் அகலம் ஒரு பொதிமாடு போகப் போதுமானது. அக்கால மலைப்பாதைக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் இன்காக்கள் செய்ததும் இதைப் போன்ற வேலைதான், அளவுதான் மிகப் பெரிது. கப்பாக் ஞான் எனப்படும் அவர்களின் பாதைவலை சுமார் 30,000 கிலோமீட்டர் நீண்டது; 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கும் சக்கர வண்டி இல்லை, இரும்பும் இல்லை. லாமா என்னும் விலங்கும் மனிதத் தோளும் சுமை தூக்கின. பெருவின் குஸ்கோ பகுதியில் அபுரிமாக் ஆற்றின் மேல் தொங்கும் கேஸ்வாச்சாகா பாலம் புல்லால் திரித்த கயிற்றால் ஆனது. புல் ஓராண்டுதான் தாங்கும். ஆகையால் கெச்சுவா மக்களின் நான்கு சமூகங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒன்றுகூடி, மலைக்குப் படையலிட்டு, பழைய பாலத்தை அறுத்துவிட்டுப் புதியதைப் பின்னுகின்றன. அங்கே பழமை என்று காக்கப்படுவது பின்னும் முறை, பொருளன்று. போகொடயில் மரத்தையே காக்கிறார்கள். அந்தீஸில் பாலத்தைப் பின்னும் கையைக் காக்கிறார்கள் எனலாம். ஊவா மலையின் மற்றச் சின்னங்களைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு உதவும்.

ஊவா அமைதியாக இருந்த நாடல்ல. 1630இல் பதுளையை எரித்துத் திரும்பிய போர்த்துக்கேயப் படையை, வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெலயில் கண்டிப் படை அழித்தது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினோ த சா அங்கே மாண்டார். 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் 1818இல் அடக்கிய விதம் கொடுமையானது: ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் அழிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன. ஆள் இல்லாமல் காடேறிய நிலம் அதன் பின் பெருகியது. உரிமை காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதாக்கிய 1840ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலத்தைத் தோட்டக்காரர் கைக்குக் கொண்டு சேர்த்தது. இன்று பச்சை விரித்ததுபோல் தெரியும் சரிவுகளுக்கு அடியில் இந்த வரலாறு கிடக்கிறது. தேயிலை மலையை வெறும் இயற்கைக் காட்சியாகப் பார்ப்பவருக்கு அதன் பாதிதான் தெரியும்.

முதலில் வந்தது கோப்பி. இலைகளில் செம்மஞ்சள் பொடி படியும் நோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமையில்தான். சில ஆண்டுகளில் கோப்பி சரிந்தது, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை 1890இல் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் வாங்கினார். அவர் அமர்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லப்படும் உச்சி இன்று ‘லிப்டன் சீட்’ என்ற பெயரில் பயணிகள் ஏறும் இடம். அந்த உச்சிக்குப் போகும் வழியிலுள்ள கல்லுக்கட்டுகளில் பலரின் பார்வை தங்குவதில்லை. செங்குத்தான சரிவில் மண் சரியாமலிருக்கச் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் அவை. அவற்றுக்கிடையே மழைநீரைச் சரிவின் குறுக்கே மெல்ல ஓட்டிக்கொண்டுபோகும் கான்கள். கான் வெட்டுவது தோட்டத்தில் ஆண்களின் வேலை. இறங்கும் நீரின் வேகத்தைப் பார்த்து வாட்டம் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பெருவிலுள்ள மச்சு பிச்சு நகரின் படித்தளங்களும், சரிவில் மண்ணை எப்படி நிறுத்துவது என்ற இதே கேள்விக்குச் சொன்ன விடைகள். 15ஆம் நூற்றாண்டின் இன்காக் கட்டடக்காரர்கள் ஒவ்வொரு தளத்தின் அடியிலும் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மண் என்று நிரப்பி, நீரைத் தேங்கவிடாமல் இறக்கினார்கள். மழை கொட்டும் மலை நெற்றியில் அந்நகரம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நழுவாமல் நிற்பதற்கு இந்த மறைந்த வேலை முக்கியக் காரணம். சரிவைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஊவாவிலேயே சான்று உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லய வரிசைகளை மக்களோடு புதைத்தது.

தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல இரயில் வேண்டியிருந்தது. பண்டாரவளை வரை 1894இல் வந்த பாதை, பதுளையை அடைய 1924 ஆயிற்று. பட்டிப்பொலையில் சுமார் 1,900 மீற்றர் உயரம் ஏறிய இரயில், பதுளையில் 700 மீற்றருக்கும் கீழே இறங்க வேண்டும். இந்த இறக்கத்தில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கிறது ஒன்பது வளைவுப் பாலம். நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர், 1921இல் முடிந்தது. சிங்களத்தில் ‘அஹஸ் நமயே பாலம’ என்பார்கள்: கீழிருந்து அண்ணாந்தால் வளைவுக்கு ஒன்றாக ஒன்பது வானம் தெரியும்.

முதல் உலகப் போரால் இரும்பு வராமல் போனதால் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டி முடித்தார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை. கதை உண்மையோ இல்லையோ, வளைவுக்கு இரும்பு கட்டாயமில்லை. மேலிருந்து அழுத்தும் பாரத்தைக் கல்லுக்குக் கல் கைமாற்றித் தரைக்கு இறக்குவதே வளைவின் வேலை. நசுங்குவதைத் தாங்குவதில் கல் வலியது. இன்காக்களிடம் இந்த வளைவு இல்லை. அவர்கள் பள்ளத்தாக்குகளைக் கயிற்றால் கடந்தார்கள்.

தெமோதரை நிலையத்தில் பொறியியல் இன்னொரு படி போகிறது. இறக்கம் 44க்கு 1 என்ற வரம்பை மீறக்கூடாது, மலையோ அதைவிடச் செங்குத்து. எனவே பாதை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தின் வழியாக வெளியேறுகிறது. தொழிலாளர் மேற்பார்வையாளரான கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். எழுத்துச் சான்றைவிட மக்கள் நினைவு காக்கும் கதை இது. அந்த நினைவில் தோட்டத்துத் தமிழருக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதே அதன் பெறுமதி.

அந்தத் தமிழரின் முன்னோர் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிகளோடு வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்கில் நடந்து மலையேறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர் ஏராளம். அவர்கள் வாழ வந்த கட்டடம் லயம்: வரிசையாக ஒட்டிய காம்பராக்கள் எனும் அறைகள், முன்னால் இஸ்தோப்பு எனும் திண்ணை, பொதுவான ஒரு தண்ணீர்ப் பீலி. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பரவலாகக் காணும் காம்பரா அளவு. ஒரு குடும்பத்தின் பிறப்பும் சாவும் கலியாணமும் அதற்குள்ளேயே நடந்தன. ஊவாவில் நூறாண்டு தாண்டிய லயங்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இடித்துவிட்டு நல்ல வீடு கட்டித்தர வேண்டியது நியாயம். அதே வேளை ஒன்றிரண்டையாவது வரலாற்றுக்காக நிறுத்திவைப்பதும் நியாயம். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயமொன்று 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமானது. ஊவாவிலும் அப்படி ஒன்று வேண்டும்.

ஆனால் இம்மக்களின் பெரிய சின்னங்கள் கட்டடங்கள் அல்ல. இஸ்டோரு எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதமுனி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துசாமி என்று, வந்த இடத்தின் வேலையிலிருந்தே தெய்வங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் காமன் கூத்து தலையாயது. மாசி மாதத்து அமாவாசை கழிந்து சில நாட்களில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். அன்றிலிருந்து இரவுதோறும் தப்பு ஒலிக்க மன்மதனும் ரதியும் ஆடுவார்கள். வேடம் கட்டுவோர் விரதமிருப்பார்கள். கடைசி இரவில் தூதனும் வீரபத்திரனும் எமனும் வருவார்கள், சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பார், ரதி ஒப்பாரி வைப்பாள். பகலில் பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குப் போய் வேலை செய்தவர்களே இரவில் ஆடுவதும் பார்ப்பதும். கேஸ்வாச்சாகா பாலத்தைப் போலவே இதுவும் ஆண்டுக்காண்டு அழிந்து, ஆண்டுக்காண்டு புதிதாக எழுவது.

இந்த மலையை நடந்தே பார்க்க அண்மைக் காலத்தில் வழி பிறந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பழைய தோட்டப் பாதைகளே அதன் உடல். அப்புத்தளை, எல்ல, தெமோதரை வழியாக ஊவாவைக் கடக்கிறது. பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்காப் பாதையில் சுமைகாரரும் சேர்ந்து நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி, வழிகாட்டி கட்டாயம், பெப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதை மூடப்படும். பாதையை மிதிப்பவர் தொகை கூடினால் கல்லே தேயும் என்று கண்ட பிறகு வந்த ஒழுங்கு அது. ஊவாவின் பாதை பாழ்நகருக்குப் போவதில்லை, ஆட்கள் வேலை செய்யும் மலைக்கு நடுவே போகிறது. ஆகவே இங்கே சிறு குழுவாக நடப்பது வசதிக்காக மட்டுமல்ல. கொழுந்தெடுக்கும் பெண் நாளொன்றுக்கு இத்தனை கிலோ நிறுத்துக் கொடுக்க வேண்டும். படம் எடுக்க அவளை நிறுத்தினால் குறைவது அவளுடைய நிறை. ஐந்தாறு பேராக, தோட்டத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக வைத்து நடந்தால், கல்லுக்கட்டு யார் வைத்தது, எந்த லயம் எப்போது எரிந்தது, காமன் பொட்டல் எது என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வரும்.

மாசியில், அதாவது பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து பாதைகள் உலர்ந்திருக்கும். கூத்து நடக்கும் காலமும் அதுவே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று ஊவாச் சரிவில் வீசும். கொழுந்து அப்போது மெல்ல வளர்ந்து, ஊவாத் தேயிலைக்கே உரிய கூரிய மணம் ஏறும். இஸ்டோரில் பகலும் இரவும் வேலை நடக்கும் பருவம் அது. கோப்பையில் ஊவாவை அறிய விரும்புபவர் வர வேண்டியது அந்த மாதங்களில்.