இறங்குவதற்கும் தயாராக வேண்டும்

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு போவது ஒரு பயணமாகவே தோன்றாது. மதியம் சாப்பிட்டுவிட்டு அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். போக முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். எழுபது வளைவுள்ள கொல்லிமலைக்கு என்றால் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள்கூட, ஏற்காட்டுக்குச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் வண்டியைத் தயார்செய்துதான் போனேன். அந்தத் தயாரிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா மகன் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். அடுத்தது உடற்திறன் தேர்வு. அதற்கு முன் ஏற்காட்டிலுள்ள சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வரவேண்டும் என்று அக்கா சொல்ல, நான் கூட்டிப்போகிறேன் என்றேன். என்னுடையது 100 சிசி வண்டி. முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு ஏறத் திணறுமே என்று ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன். ஸ்பார்க் பிளக் மாற்றினேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். பின் பிரேக் சில மாதமாகவே சரியாகப் பிடிக்கவில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். பிடிப்பு குறையும்போதெல்லாம் ட்ரம் அருகே இருக்கும் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுவேன். அன்று காலையிலும் இறுக்கினேன். பிரேக் ஷூ மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஏறும்போது வண்டி என்னை ஏமாற்றவில்லை. 1,600 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் கோயிலில் பனிமூட்டம். குனிந்து குகைக்குள் போய்க் கும்பிட்டோம். திரும்பும்போது மலைப்பாதை தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டேன். “இனி அடிவாரம் வரைக்கும் சொட்டு பெட்ரோல் செலவில்லை மாப்ளே” என்றேன். வயதில் மூத்தவர்கள் அப்படி இறங்குவதைப் பார்த்துப் பழகியவன் நான். அவனுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற பெருமை இருந்தது.

அதில் என்ன தவறு என்பது பிறகுதான் புரிந்தது. ஏரிக்கரைக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டால் மிச்சம் முழுக்க இரண்டு சின்ன ட்ரம்களின் தலையில்தான் விழும். சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேல்பூச்சும் பிடிமானத்தை இழக்கும். நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருந்ததால், நான் மிதிக்காதபோதும் ஷூ உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

மலைப்பாதையிலுள்ள அறுபதடிப் பாலத்துக்கு மேலே வரும்போது கருகல் வாடை வந்தது. முன்னால் போன லாரியுடையது என்று நினைத்தேன். லாரி தூரமாகப் போய்விட்ட பிறகும் வாடை கூடவே வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். வழக்கத்தைவிடக் கீழே போனது, வேகம் குறையவில்லை. முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தேன், அதுவும் அரைகுறையாகத்தான் பிடித்தது. எஞ்சின் ஓடாததால் எல்லாச் சத்தமும் துல்லியமாகக் கேட்டது. காற்று, செயின், சட்டை படபடப்பது, வளைவுக்குக் கீழிருந்து ஏறிவரும் பஸ்ஸின் ஹாரன். கியரைத் தேடினேன், கால் நடுங்கியதில் விழவில்லை. என் தோளில் இருந்த அவன் கை இறுகியது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. வலதுபக்கம் பஸ், இடதுபக்கம் மலையோர வாய்க்கால். வாய்க்காலில் விட்டேன்.

இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். அவனுடையதில் காதுக்கு மேலே நீளமாக ஒரு கீறல். உள்ளே தலைக்கு ஒன்றுமில்லை. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. விழும்போது ஊன்றிய அவனுடைய வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

போலீஸ் உடற்திறன் தேர்வில் கயிறு ஏற வேண்டும். மாவுக்கட்டோடு ஏற முடியாது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது அவனாகத்தான் பேச்சை எடுத்தான். “மேலேயே கருகுற வாசம் வந்துச்சு மாமா. உங்களுக்குத் தெரியாததா என்னன்னு சும்மா இருந்துட்டேன்.” குற்றம் சொல்லும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான், அவ்வளவுதான். பிரேக் போன கணத்தைவிட அந்த வாக்கியம்தான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பெரியவன், அடிக்கடி போய்வருகிறவன், வண்டி தெரிந்தவன் என்று நம்பி ஒருவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அந்த நம்பிக்கைதான் அவன் வாயை அடைத்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்வரை அவன் காத்திருந்தான். அதற்குள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த அறிவிப்பு வந்தபோது மறுபடியும் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பல வண்டிகளில் பின்பக்க ட்ரம்மின் வெளியே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பெடலை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தால், அது பக்கத்திலுள்ள அடையாளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஷூ தேய்ந்துவிட்டது, நட்டை இறுக்கிப் பயனில்லை. ஏற்காட்டுக்கு இரண்டு பேராகக் கிளம்புகிறீர்கள் என்றால் அதைப் பார்த்துவிடுங்கள். இறங்கும்போது எஞ்சின் ஓடட்டும், இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பின்னால் உட்காருபவர் வயதில் எவ்வளவு சின்னவராக இருந்தாலும், ஏதாவது வாடையோ சத்தமோ தெரிந்தால் உடனே தோளைத் தட்டிச் சொல்லும்படி கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.