அப்பா செய்த வண்டி

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் "புராஜெக்ட்" என்னும் சொல் எத்தனை இரவுகளின் உறக்கத்தைப் பறித்துக்கொள்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை வந்து நின்று, "நாளைக்குத் தெர்மோகோல் வேண்டும்" என்று சொல்லும். அதற்குள் கடை மூடியிருக்கும். எங்கள் இல்லத்திலும் இப்படித்தான் நடந்து வந்தது. ஆனால் 2019 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எங்கள் மகளின் அறிவியல் வகுப்பில் கொடுக்கப்பட்ட ஒரு வேலை அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. அதைக் குறித்தே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து 1996 ஆம் ஆண்டு பெங்களூருக்கு வந்தவன். ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி முடித்த சான்றிதழும், ஒரு தகரப் பெட்டியும், தூரத்து உறவினர் ஒருவரின் முகவரியும் மாத்திரமே என் கையில் இருந்தன. அன்று முதல் பீனியா தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தின் முன் நின்று பிழைத்து வருகிறேன். என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். தாசரஹள்ளியில் வாடகை வீடு. கன்னடம் பேசுவேன், வாசிக்கத் தடுமாறுவேன். மகளின் ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் திறந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் ஒருபோதும் இயன்றதில்லை. அந்தக் குறை என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்தது. ஆகவே எட்டாம் வகுப்பு மாணவியான அவள், "அப்பா, பலூனால் ஓடும் வண்டி செய்ய வேண்டும்" என்று சொன்னபோது நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. இது கைவேலை அல்லவா? இதிலாவது நான் தகப்பனாக நிற்கலாமே என்று எண்ணினேன்.

பட்டறையில் ஷிப்டு முடிந்த பின்பு, உரிமையாளரின் அனுமதியோடு இரண்டு மாலைகள் அமர்ந்து ஒரு வண்டியைச் செய்தேன். அலுமினியத் தகட்டில் உடல். கடைந்தெடுத்த அலுமினியச் சக்கரங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய பால் பேரிங். பலூனைப் பொருத்துவதற்கு உள்துளை 4 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய். அளவுகளில் நூலிழை பிசகில்லை. மெருகேற்றிய பின்பு அது கண்ணாடியைப்போல் பளபளத்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோய்க் கடையில் விற்கலாம்" என்றாள். மகள் மாத்திரம் அதிகமாய் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

வகுப்பில் அந்த வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பலூன் ஓசையிட்டுக்கொண்டே சுருங்கிப்போனது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை, "இதைச் செய்தது யார்?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா" என்று மகள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். "உன் அப்பாவின் வண்டி மிகவும் அழகாக இருக்கிறது, தசரா விடுமுறை முடிந்து வரும்போது உன் வண்டியைக் கொண்டு வா" என்று சொல்லி அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிரவு அதை அலமாரியின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன். ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வண்டி ஏன் ஓடவில்லை என்னும் கேள்வி என்னை விடவில்லை. ஊதிய பலூனுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைக் காட்டிலும் நூற்றில் இரண்டு மூன்று பங்கே அதிகம். அந்தச் சொற்ப அழுத்தம் 4 மி.மீ. துளையின் வழியாக வெளியேறும்போது தரக்கூடிய தள்ளுவிசை சுமார் 6 கிராம். அதாவது ஒன்றிரண்டு ஒரு ரூபாய் நாணயங்களின் எடையளவு. என் வண்டியின் எடையோ 400 கிராமுக்கு மேல். பேரிங் போட்டால் உராய்வு குறையும் என்று இருபது ஆண்டுகளாக நான் நம்பியது பெரிய இயந்திரங்களுக்கே பொருந்தும். பேரிங்குக்குள் அடைத்திருக்கும் கிரீஸின் பிசுபிசுப்பு குதிரைத்திறன் கணக்கில் இழுக்கும் மோட்டாருக்கு ஒரு பொருட்டல்ல. ஆறு கிராம் விசைக்கோ அது மலை.

இரண்டாம் முறை நான் கருவிகளைத் தொடுவதில்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன். அவள் கேட்டால் மாத்திரமே வாய் திறப்பேன். (இந்த வாக்கைக் காப்பது லேத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதைக் காட்டிலும் கடினம் என்பதைத் தகப்பன்மார் அறிவார்கள்.)

அவள் பற்பசைப் பெட்டியை உடலாக எடுத்துக்கொண்டாள். சக்கரத்திற்குத் தண்ணீர்ப் பாட்டில் மூடிகள்; அச்சுக்குக் கபாப் கடையில் கேட்டு வாங்கிய மூங்கில் குச்சிகள்; அச்சு சுழல்வதற்கு மை தீர்ந்த பேனாக்களின் வெற்றுக் குழாய்கள். பலூன் எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வாங்கியதில் மீந்திருந்தது. முதலில் அவள் கண்ணளவில் மூடிகளைத் துளைத்ததால் சக்கரங்கள் நொண்டின. "அப்பா, நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டாள். என் தொழிலே அதுதானே! பல மூடிகளின் நடுவில், பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திய இடத்தில், ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைக் காட்டினேன். அந்தப் புள்ளியில் சூடேற்றிய ஊசியை இறக்கியபோது சக்கரம் நேராகச் சுழன்றது. மூடி குச்சியில் இறுகியிருக்க வேண்டும், குச்சி குழாய்க்குள் தளர்ந்திருக்க வேண்டும் என்பதை அவளே இரண்டு முறை தவறு செய்து கற்றுக்கொண்டாள்.

முடிந்த வண்டியைத் தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தோம். 35 கிராம் காட்டியது. அண்ணாச்சி, "இதுக்கு என்ன விலை போடட்டும்?" என்று கேட்டுச் சிரித்தார்.

எங்கள் வீட்டுத் தரையில் நேராகப் பத்து அடி கிடைக்காது. போதகர் ஐயாவிடம் அனுமதி கேட்டு, சனிக்கிழமை பிற்பகல் ஆராதனை மண்டபத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேளையில் வண்டியைக் கொண்டு சென்றோம். வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடிதான். ஆயினும் நாற்காலிகளை அடுக்கிவிட்டால் வழவழப்பான டைல்ஸ் தரை நீளமாய்க் கிடைக்கும். மனைவியின் தையல் டேப்பை வைத்துத் தரையில் மீட்டர் கணக்கைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம்.

ஒவ்வொரு முறையும் பலூனை ஒரே அளவு ஊத வேண்டும் என்பது மகளுக்குத் தோன்றியது. 60 சென்டிமீட்டர் நூலை வளையமாகக் கட்டி, பலூன் அதை நிரப்பும் வரை ஊதினாள். அப்போது அதற்குள் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் காற்று இருக்கும். அந்தக் காற்றின் எடை சுமார் 4 கிராம். இந்த 4 கிராம் பின்னால் வேகமாக வெளியேறுவதால்தான் 35 கிராம் முன்னால் போகிறது. நியூட்டன் 1687 இல் அச்சிட்ட மூன்றாம் விதி இதுவே. புதிய பலூன் முரண்டு பிடிக்கும், இரண்டு மூன்று முறை ஊதிய பின்பு இளகிவிடும் என்பதையும் கண்டோம். ஆகவே பழகிய ஒரே பலூனைக் கொண்டே சோதித்தாள்.

ஜூஸ் டப்பாவோடு வரும் மெல்லிய உறிஞ்சுகுழலை வைத்தபோது வண்டி தயங்கித் தயங்கிச் சற்றுத் தூரம் போய் நின்றது. மில்க்‌ஷேக் கடையின் தடித்த குழலை வைத்தபோது தவளையைப்போல் துள்ளி, பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் மோதியது; காற்றும் நொடியில் தீர்ந்தது. சாதாரணக் குளிர்பானக் குழல், 6 மி.மீ. துளை உள்ளது, நன்றாக ஓடிற்று.

நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "வெளியே வரும் காற்று பின்னால் இருக்கும் காற்றைத் தள்ளுவதால்தானே வண்டி போகிறது? காற்றே இல்லாத இடத்தில் ஓடுமா?" எனக்கு விடை தெரியவில்லை. அவளே தரையில் ஓர் அட்டையைப் பலூனுக்குப் பின்னால் நிறுத்தி ஓட்டினாள். தூரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பின்பு அந்த அட்டையை வண்டியோடு சேர்த்துக் குழலுக்கு எதிரே ஒட்டினாள். காற்று அட்டையில் மோதிப் பக்கங்களில் சிதறியது, வண்டி அசையவில்லை. காற்று வண்டியை விட்டுப் பின்னோக்கிப் போனால்தான் வண்டி முன்னோக்கிப் போகும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தச் சந்தேகத்தில் நாங்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் இடறியிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். அமெரிக்க அறிஞர் ராபர்ட் கொடார்டு, ராக்கெட்டைச் சந்திரன் வரை அனுப்ப முடியும் என்று எழுதியபோது, காற்றில்லாத வெளியில் ராக்கெட் இயங்காது என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1920 ஆம் ஆண்டு ஜனவரியில் அவரை ஏளனம் செய்தது. அப்பல்லோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, தன் தவறை ஒத்துக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. கொடார்டு 1945 இலேயே மறைந்துவிட்டார். நாற்பத்தொன்பது ஆண்டுகள் தாமதமான திருத்தம்.

விடுமுறையில் ஒரு நாள் மகளை மெட்ரோ ரயிலில் கஸ்தூர்பா சாலையிலுள்ள விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அதன் முன்னே எச்.எப்.-24 மாருத் என்னும் போர் விமானம் நிறுத்தப்பட்டிருக்கிறது. நம் பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தில் உருவாகி, 1961 ஜூன் மாதம் முதன்முதலாகப் பறந்த ஜெட் விமானம் அது. மகள் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய், அந்த இரண்டு வட்டத் துளைகளுக்கு எதிரே நின்று, "இது தடித்த குழல்" என்றாள்.

இனி, நான் எழுத விரும்பாத பகுதிக்கு வருகிறேன்.

மண்டபத்தில் 6 மி.மீ. குழலோடு கடைசியாக எடுத்த மூன்று அளவுகள் இவை: 6.85 மீட்டர், 7.40 மீட்டர், 1.05 மீட்டர். மூன்றாம் முறை பலூன் குழலிலிருந்து கழன்றுவிட்டது. நேரமாகிவிட்டது, மாலை வாலிபர் கூட்டத்திற்குப் பிள்ளைகள் படியேறி வரத் தொடங்கிவிட்டார்கள். "அந்த 1.05 ஐ விட்டுவிடு. மூன்றாவதற்கு 7.10 என்று போட்டுக்கொள். சரியாக இருந்திருந்தால் அவ்வளவுதான் வந்திருக்கும்" என்றேன். சர்வசாதாரணமாகச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, அது ஓடவே இல்லையே. ஓடாததை எப்படி எழுதுவது? உங்கள் பட்டறையில் அளக்காமலே அளவு எழுதுவீர்களா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரலில் அல்ல; தெரிந்துகொள்ளவே கேட்டாள்.

1999 ஆம் ஆண்டு, நான் முன்பு வேலை செய்த ஒரு பட்டறையில் அறுபது ஷாஃப்டுகளை இரவோடிரவாக அனுப்ப வேண்டியிருந்தது. பரிசோதனைத் தாளை நிரப்பும் பொறுப்பு என்னுடையது. ஐந்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன். ஐந்தும் சரியாக இருந்தன. மீதி ஐம்பத்தைந்திற்கும் அளக்காமலே எண்களை எழுதினேன். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று கடைசி இலக்கத்தைக் கூட்டிக் குறைத்து எழுதினேன். அவற்றில் பதினேழு திரும்பி வந்தன. தாளில் எல்லாம் சரியாக இருந்தபடியால், பழி கிரைண்டிங் இயந்திரத்தில் இருந்த தர்மபுரி தம்பியின்மேல் விழுந்தது. தாளைக் காட்டிய பின்பு அவன் செய்த வேலையைக் கெடுத்துவிட்டான் என்றார்கள். வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் வாய் திறக்கவில்லை. என் மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

அன்றிரவு இருவரிடமும் சொன்னேன். மனைவி நெடுநேரம் பேசவில்லை. மகள் தன் நோட்டை எடுத்து 1.05 மீட்டர் என்று எழுதி, பக்கத்தில் "பலூன் கழன்றது" என்று காரணத்தையும் ஆங்கிலத்தில் எழுதினாள். மறுநாள் பலூனின் வாயை ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டினாள். பள்ளித் தாழ்வாரத்தின் சொரசொரப்பான கல் தரையில் வண்டி மூன்று முறையும் நாலரை மீட்டருக்குக் குறையாமல் ஓடியது, பலூன் கழலவில்லை. வகுப்பில் அது முதலாவதாக வரவில்லை. சி.டி. தட்டுகளைச் சக்கரமாக்கிய ஒரு மாணவனின் வண்டி அதைக் காட்டிலும் அதிகத் தூரம் போயிற்று.

தர்மபுரி தம்பியைக் குறித்துப் பழைய நண்பர்களிடம் விசாரிக்கத் தொடங்கினேன். ஓசூரில் இரண்டு இயந்திரங்களை வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்கிறார் என்று அறிந்தேன். 2020 ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிறு பிற்பகல் பேருந்து ஏறிச் சென்றேன். அவருக்கு என் முகம் உடனே நினைவுக்கு வரவில்லை. பெயரைச் சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் பாரமாயிற்று. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். வேட்டுத் துணியால் விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தார். "எந்த மாசம்ணே அது?" என்று கேட்டார்.

"ஆகஸ்டு" என்றேன்.

"ஆகஸ்டுலதான் என் மூத்தவ பிறந்தா" என்றார். பிறகு பையனை அனுப்பி இரண்டு தேநீர் வாங்கிவரச் சொன்னார். அது வரும் வரை நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.