27 அடுக்கு வெண்ணெய் மாளிகை!

காலை ஆறரை மணி. பாண்டிச்சேரி ஒயிட் டவுன். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, தமிழும் பிரெஞ்சுமா தெருப் பலகை... இதையெல்லாம் நீங்க சினிமாவுலயே பார்த்திருப்பீங்க. நான் சென்னையிலேர்ந்து பஸ் பிடிச்சு வந்தது ஒரு வாசனைக்காக. க்ரோஸான்!

காரணம், ஒரு சோகக் கதை பாஸ். போன மே மாசம், வீட்டுல க்ரோஸான் சுடறேன்னு கிளம்பி, கால் கிலோ வெண்ணெயைக் காலி பண்ணினேன். மடிக்கும்போதே வெண்ணெய் உருகி மாவோட கலந்துடுச்சு. மிச்சம் ஓவன் தட்டுல குளம் கட்டிடுச்சு. கிடைச்சது, வெண்ணெயில பொரிச்ச பன்! 'இதுக்கு முறுக்கே சுட்டிருக்கலாம்'னாங்க அம்மா. 'ரூம் டெம்பரேச்சர்ல வைக்கவும்'னு குறிப்பு எழுதினவரோட ரூம் வேற, நம்ம ரூம் வேற!

சரி, பாண்டியிலயும் அதே வெயில்தானே... இவங்க மட்டும் எப்படி? 1954 நவம்பர் வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊர். (ஆனா, இந்தப் பிறை வடிவம் பிரான்ஸுக்கே வியன்னாவுலேர்ந்து போனதுதான்!) ஒரு பேக்கரியில மாஸ்டரைப் பிடிச்சுக் கேட்டேன். சிரிச்சார். "தம்பி, நீங்க எத்தனை மணிக்கு மாவு தேச்சீங்க?"

"மத்தியானம் ரெண்டு மணிண்ணே..."

"நாங்களும் ரெண்டு மணிக்குத்தான். ராத்திரி ரெண்டு! அதுவும் ஏசி ரூம்ல."

அவ்வளவுதான் மேட்டர். வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல உருகிடும். உருகாம அடுக்கடுக்கா நின்னாத்தான், ஓவன் சூட்டுல அதுல இருக்கிற தண்ணி ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும். மொறுமொறுப்பு அங்கேதான் பிறக்குது. தெர்மோடைனமிக்ஸ் புரொஃபசர் இதை வெச்சு நடத்தியிருந்தா, எனக்கு அரியரே விழுந்திருக்காது!

ஊர் திரும்பி அடுத்த அட்டெம்ப்ட். அரை கிலோ மைதா, பால், ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு. பிசைஞ்சு ராத்திரியே ஃப்ரிட்ஜுக்குள்ள. விடியக்காலை நாலு மணிக்கு அலாரம். உப்பு போடாத வெண்ணெய் கால் கிலோவைத் தட்டையாத் தட்டி, தேய்ச்ச மாவுக்கு நடுவுல வெச்சு மூடி, திரும்பத் தேய்ச்சு மூணா மடிக்கணும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். இப்படி மூணு தடவை. 3x3x3... 27 வெண்ணெய் அடுக்கு! வெண்ணெய் லேசா பளபளன்னு எட்டிப் பார்த்தாலும் வீரம் காட்டாதீங்க, உடனே ஃப்ரிட்ஜுக்கு ஓடுங்க. முக்கோணமா வெட்டிச் சுருட்டி, உப்புறதுக்கு ஏசி ரூம்ல ரெண்டு மணி நேரம். (அப்பா போர்வையோட ஹாலுக்கு மாத்தப்பட்டார்.) அப்புறம், 200 டிகிரியில இருபது நிமிஷம்.

பன்னிரண்டுல நாலு கோணல். ஒண்ணு அடி தீய்ஞ்சு போச்சு. மிச்சம் ஏழைப் பிய்ச்சா, உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா... மேலே சருகு மாதிரி நொறுங்குது!

அம்மா ஒண்ணை எடுத்து ஃபில்டர் காபியில முக்கினாங்க. 'ஐயோ, மொறுமொறுப்பு போயிடும்மா'ன்னு கத்தினேன். பாண்டி பேக்கரியில ஒரு தாத்தாவும் அப்படித்தான் முக்கிச் சாப்பிட்டார்ங்கிறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவதை எடுக்கும்போது அம்மா கேட்டாங்க... "முறுக்கு மாதிரி டப்பாவுல போட்டு வெச்சா, எத்தனை நாள்டா தாங்கும்?"