பெரும்புதூரில் இறங்கிப் பாருங்கள்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்பது ஒரு சுங்கச்சாவடி, மிஞ்சினால் ஒரு டீ. சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர் தூரம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், அருகிலேயே கார் ரேஸ் ஓடுதளம், பிறகு வரிசையாகத் தொழிற்சாலைச் சுவர்கள். இந்த ஊர்ப்பக்கம் நின்று சுற்றிப் பார்ப்பவர்கள் கம்பெனிக்காரர்கள்தான். வாரத்துக்கு ஒருநாள் லீவு. ஹாஸ்டல் அறையில் எவ்வளவு நேரம்தான் படுத்துக் கிடப்பது? அவர்கள் போகிற வழியிலேயே நாமும் போகலாம்.

முதலில் கோயில். மூலவர் ஆதிகேசவப் பெருமாள் என்றாலும், 1017இல் இங்கே பிறந்த ராமானுஜரின் சந்நிதிதான் ஊருக்கு உயிர். இங்கிருப்பது 'தானுகந்த திருமேனி': அவர் வாழ்ந்த காலத்திலேயே சீடர்கள் செய்துவைக்க, அவரே தழுவி மகிழ்ந்து தந்தது என்பது ஐதீகம். மேல்கோட்டையில் இருப்பது தமருகந்தது, திருவரங்கத்தில் இருப்பது தானானது. சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய உற்சவத்துக்கு வந்தால் வெள்ளைச் சாற்றுப்படியைப் பார்க்கலாம். சோழ மன்னனின் கோபத்துக்குத் தப்ப, காவியை மாற்றி வெள்ளை உடுத்தி அவர் கர்நாடகத்துக்குப் போனதன் நினைவு அது. குருவின் தலைமறைவையும் மறைக்காமல் அலங்காரம் செய்து வீதியில் காட்டுகிற துணிச்சல் எனக்குப் பிடித்தது. அனந்தசரஸ் குளக்கரையிலும் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ராஜீவ் காந்தி நினைவிடம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. 1991 மே 21 இரவு தேர்தல் கூட்டத்துக்கு வந்தவர் கொல்லப்பட்ட இடம். 2003இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். ஏழு கல்தூண்கள், புல்வெளி, மரங்கள். அரைமணி நேரம் போதும்.

தெற்கே ஒரகடம் போகும் சாலையில் திரும்பினால் வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகன்; அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். கிருத்திகையன்று வந்தால் தரிசனத்தைவிட வரிசைதான் நினைவில் நிற்கும். ஒரகடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2010இல் ரெனோ-நிசான் வந்தது, பின்னாலேயே டெய்ம்லர் லாரியும் ராயல் என்ஃபீல்டும் வந்தன. வாசல் வரைதான் நமக்கு அனுமதி.

என்னைக் கேட்டால், இந்த வட்டாரத்தில் தவறவிடக் கூடாத ஊர் மணிமங்கலம். ஒரகடத்திலிருந்து கிழக்கே படப்பை வந்து, அங்கிருந்து உள்ளே போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைக் குறிவைத்து வந்த சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மப் பல்லவன் தோற்கடித்த களங்களில் ஒன்று இது. கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று களங்களை அடுக்குகிறது. அதன் பிறகுதான் பல்லவப் படை வாதாபிக்குப் போனது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. போர்க்களத்தைத் தேடாதீர்கள், ஏரியும் வயலும் தவிர எதுவும் தெரியாது. தர்மேசுவரர் கோயிலின் பின்பக்கம் போய் நில்லுங்கள். யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட விமானம். ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் நிறைய. கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்றதை வீரராசேந்திரன் விரிவாகச் சொல்லிக்கொள்வது இவ்வூர்க் கல்வெட்டில்தான். பல்லவன் வென்ற களத்தில், நானூறு ஆண்டு கழித்து, அதே பகைவரை வென்ற சோழனின் பெருமை! சுவரில் தமிழ் எழுத்துகள். பொறுமை இருந்தால் சில சொற்களை நாமே எழுத்துக்கூட்டிவிடலாம்.

நேரம் மிச்சமிருந்தால் குன்றத்தூர். பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த ஊர். அவர் எழுப்பிய நாகேசுவரர் கோயிலும், குன்றின்மேல் முருகனும் உண்டு. மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி நிறைந்தால் சென்னைக்கு நிம்மதி. நிரம்பி வழியும்போது அடையாற்றங்கரைக்காரர்களுக்குத் தூக்கம் போகும். 2015 டிசம்பர் வெள்ளம் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

ஒரு யோசனை: கோயில்களை நண்பகலில் சாத்திவிடுவார்கள். ஒரே நாளில் எல்லாம் வேண்டுமென்றால் விடிந்ததும் மணிமங்கலத்தில் தொடங்கி, நினைவிடத்தை வெயில் நேரத்துக்கு ஒதுக்கி, வல்லக்கோட்டையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மட்டும் ஒரகடம் கூட்டுரோடு பக்கம் தலைகாட்ட வேண்டாம். கம்பெனி பஸ்களுக்கு நடுவே சிக்கினால் முருகன் நடை சாத்திய பிறகுதான் போய்ச் சேர்வீர்கள்.