பாலும் மரமும்

மாலை மழை ஓய்ந்த ஒருநாள், முன்பு என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் சுங்கை பூலோவில் என் இல்லத்திற்கு வந்தான். இன்று அவன் பாட்டெழுதி மெட்டமைப்பவன். கையில் ஓர் ஒப்பந்தத் தாள். தன் பன்னிரண்டு பாடல்களின் முழு உரிமையையும் ஒரே தொகைக்குக் கேட்கிறார்களாம். “கையொப்பம் இடலாமா, ஐயா?” என்றான். தந்தையின் மருத்துவச் செலவு அவனை நெருக்கிக்கொண்டிருந்தது.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். பாலை விற்றால் மறுநாளும் மரம் பால் தரும். மரத்தையே விற்றுவிட்டால், பிறகு அதில் கத்தி வைக்கவும் பிறரைக் கேட்க வேண்டும். பாட்டும் அத்தகையதே என்றேன்.

பாரதியார் 1921இல் மறைந்தபின், அவர்தம் பாடல்களின் உரிமைகள் பல கை மாறின. ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பனாரிடம் சேர்ந்தது. 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றமைக்காக வழக்கும் எழுந்தது. பின்னர் மெய்யப்பனார் பொருள் பெறாமலே உரிமையை விட்டுக்கொடுத்தார்; 1949இல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது. எல்லார் பாட்டையும் மீட்க அரசு வருமா?

விற்பவர் இழப்பது வருங்கால வருவாய் மட்டுமன்று. ‘இங்கே ஒலிக்க வேண்டா’ என மறுக்கும் உரிமையையும் இழக்கிறார். பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள் பலவற்றின் உரிமையை 1985இல் மைக்கேல் ஜாக்சன் வாங்கினார். ஈராண்டில் அவற்றுள் ஒன்று காலணி விளம்பரத்தில் ஒலித்தது. குழுவினரின் நிறுவனம் வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமை கைமாறிய பின்னும் படைத்தவரின் பெயரைக் காக்கிறது. படைப்பைச் சிதைப்பதையும் தடுக்கிறது. ஆயினும் பெயர் உலை கொதிக்க உதவாது.

தாளில் ‘என்றென்றைக்கும்’ எனப் பொருள்படும் சொல்லைச் சுட்டினேன். “ஐந்தாண்டுக்கு மட்டும் தருவதாகக் கேட்டுப் பார், தொகை குறையும்” என்றேன்.

மறுவாரம் வந்தான். அவர்கள் தவணைக்கு இசையவில்லை. எட்டுப் பாடல்களை விற்று, நான்கை வைத்துக்கொண்டானாம். அவனைக் குறைகூற மனம் வரவில்லை. நான் அவனுக்கு யாப்பு கற்பித்தேன், அணி கற்பித்தேன். எழுதிய பாட்டு தன்னுடையது என்பதை மட்டும் கற்பிக்கத் தவறினேன். அந்த எட்டுப் பாடல்களில் என் பிழையும் சேர்ந்தே விலை போயிற்று.