ஏறிய முள், ஏறாத வேகம்

ஞாயிறு

விடியற்காலை. அவிநாசிக்கு வெளியே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் லாரிகள் குறைவு. பனியன் கம்பெனி நடத்தும் அந்த இளைஞர் தன் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸை நான்காவது கியரில் போட்டு, இன்ஜின் 2,000 சுற்றைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தார். ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று 3,000-ஐத் தாண்டியது. வேகம் காட்டும் முள் இருந்த இடத்திலேயே நின்றது.

"போதும் தம்பி, காலை எடுங்க" என்றார் பக்கத்தில் இருந்த மெக்கானிக். கிளட்ச் நழுவுகிறது.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு, இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பது பட்டறைகளின் வழக்கம். இந்தக் கார் அதில் தேறிவிட்டது. அடியோடு தேய்ந்த கிளட்ச்தான் அந்தச் சோதனையில் மாட்டும். 2004-ல் இந்தியாவுக்கு வந்த இந்த 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினின் திறன் 150 குதிரை. ஆனால் கிளட்ச்சைத் தோற்கடிப்பது குதிரைத்திறன் அல்ல, டார்க். கம்பெனி கொடுத்த 210 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றிலேயே வந்துவிடும். இந்தக் காரில் ரீமேப், அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருள் மாற்றம், அதை இன்னும் ஏற்றியிருக்கிறது. அதனால்தான் பெரிய கியர், குறைந்த சுற்று, முழு மிதி. நோய் ஒளிந்துகொள்ள முடியாத இடம் அது.

திங்கள்

கியர் பாக்ஸை உடனே இறக்கவில்லை. கழற்றாமல் தெரிந்துகொள்ளக் கூடியதை எல்லாம் முதலில் தெரிந்துகொள்வது இந்த மெக்கானிக்கின் முறை. அவர் கோவையில் பந்தயக் கார் பட்டறையில் தொழில் பழகியவர். மாருதி 800 இன்ஜினை வைத்து கரிவர்தன் 1988-ல் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய ஊர் அது; 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் ஊரும் அதுவே. அங்கே பழகிய கைக்கு அவசரம் கிடையாது.

நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு பெடலை மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இங்கே மிதித்தபோது மெல்லிய கரகரப்பு. பிரேக் ஆயில் டப்பாவிலிருந்துதான் கிளட்ச்சுக்கும் ஆயில் போகிறது. அளவு குறையவில்லை, ஸ்லேவ் சிலிண்டரிலும் கசிவில்லை. அடியில் படுத்து பெல் ஹவுசிங்கைத் தடவி விரலை முகர்ந்தார். கியர் ஆயில் என்றால் கந்தக நெடி வரும், இன்ஜின் ஆயில் என்றால் வராது. விரலில் தூசிதான் ஒட்டியது. ஆகவே சீல் கசிந்து பிளேட் வழுக்கவில்லை. தேய்மானம், அல்லது சூடு.

செவ்வாய்

பாக்ஸ் இறங்கியது. பிளேட்டின் உராய்வுப் பட்டையில் ஆணித்தலைகள் ஏறக்குறைய மேற்பரப்பைத் தொட்டுவிட்டன. பட்டை கண்ணாடிபோல் மினுங்கியது. பிரஷர் பிளேட்டின் முகத்தில் ஆங்காங்கே நீலத் திட்டுகள். இரும்பு கடுஞ்சூடு கண்ட அடையாளம்.

இளைஞர் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தேயாத ஓரத்தில் இழை இழையாகச் சுற்றல் தெரிந்தது. அது நூல்தான். கண்ணாடி இழை, அராமிட் இழை, செம்புக் கம்பி ஆகியவற்றைச் சேர்த்து, பிசினில் தோய்த்து, வட்டமாகச் சுற்றி, அழுத்திச் சுட்டெடுத்தால் கிளட்ச் பட்டை. சூடு எல்லை மீறினால் முதலில் கருகுவது அந்தப் பிசின். அது மேலே படிந்துதான் பட்டை மினுங்குகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பட்டை தேயத் தேய பிடி உடனே குறைவதில்லை. டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் அமைப்பு அப்படி. பட்டை மெலியும்போது அதன் அழுத்தம் முதலில் சற்றுக் கூடும், ஒரு கட்டத்துக்குப் பிறகுதான் சரியும். அதனால் பல மாதம் பெடல் கனத்தது தவிர வேறு குறை தெரியாது. பிறகு சில வாரத்தில் கிளட்ச் கைவிட்டுவிடும். இந்தக் காரிலும் அதுதான் நடந்தது.

புதன்

என்ன போடுவது? செராமிக் பேட் வைத்த பந்தயக் கிளட்ச் வேண்டும் என்பது இளைஞரின் ஆசை. பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் போய் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுபவர் அவர்.

"டிராக்குல நல்லாத்தான் இருக்குமுங்க. சாயங்காலம் கம்பெனி விடுற நேரத்துல குமரன் ரோட்டுல வந்து பாருங்க" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது சரி. பந்தயத்தில் வண்டி நகரத் தொடங்கியபின் கிளட்ச் கியர் மாற்றும் கணத்துக்கு மட்டுமே தேவை. திருப்பூர் நெரிசலில் அது அடிக்கடி பாதி மிதியில் நின்று தேய்கிறது. செராமிக் பேட் பிடித்தால் பிடித்ததுதான், இல்லையென்றால் இல்லை. ஊர்ந்து போக விடாது. இழைப் பட்டையே இருக்கட்டும், பிரஷர் பிளேட் மட்டும் கூடுதல் அழுத்தம் உள்ளதாக இருக்கட்டும் என்று முடிவானது.

அடுத்தது பிளைவீல். இது இரண்டு துண்டாக, இடையில் வளைந்த ஸ்பிரிங்குகளோடு அமைந்த டூயல் மாஸ் பிளைவீல். 1985-ல் லூக் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த அமைப்பு. மெக்கானிக் அதைக் கையால் திருகி, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார். அளவுக்கு மேல் ஆடியது. பழையதிலேயே புது கிளட்ச்சைப் போட்டால் பணம் மிச்சம்தான்; ஆனால் அது போகும்போது பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். கூலி இரட்டிப்பாகும். புதிது வாங்கினார்கள்.

வெள்ளி

பிளைவீல் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. முறுக்கும்போதே நீண்டுவிடும் வகை. புது போல்ட்டுகளை 60 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. பிளேட்டை நடுவில் நிறுத்த அலைன்மென்ட் கருவி. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரு பக்கம் முந்தினால் டயாஃப்ரம் கோணிவிடும். ஷாஃப்ட் பற்களில் மெல்லிய கிரீஸ் தடவி, மிச்சத்தைத் துடைத்தார். மிஞ்சிய கிரீஸ் சுழற்சியில் சிதறிப் புதுப் பட்டையிலேயே போய் விழும். ரிலீஸ் பேரிங்கும் புதிது.

சனி

பெடல் லேசாகிவிட்டது. முதல் சில நூறு கிலோமீட்டர் முழு மிதி கூடாது, பட்டையும் இரும்பும் ஒன்றோடொன்று படிய வேண்டும். சிக்னலில் நியூட்ரல், கால் பெடலை விட்டு வெளியே. ரீமேப் செய்தவரிடம் 2,500 சுற்றுக்குக் கீழே டர்போ அழுத்தத்தைக் குறைத்துத் தரும்படி இளைஞர் கேட்டிருக்கிறார். செட்டிபாளையம் பயணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.